தலைவிதியும் புரோட்டானும்

நமது தோழர் ஒருவர் தம் கிராமத்திலிருந்து நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தங்கையின் பெண் குழந்தைக்கு வயது நாலு. இரண்டு மாதத்துக்கு முன் குழந்தையின் இடது கண்ணின் மேல் இமை சற்று வீங்கிற்றாம். கண்கட்டி என்று நினைத்து நாமக்கட்டியை இழைத்துப் பூசினார்கள். நெற்றிக்குப் போடுகிற நாமத்தைக் கண்ணுக்கும் போட்டுப் பார்த்தார்கள் போலும்! பிறகு திருஷ்டி என்று சொல்லி மிளகாய் சுற்றிப் போட்டார்கள். அதன் பிறகு பக்கத்து ஊர்ப் பூசாரி மந்திரித்துக் கயிறு கட்டினார். வீக்கம் இவற்றில் எதையும் லட்சியம் செய்யாமல் வளர்ந்துகொண்டே வந்தது. விழி முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, சதையில் சிறு துண்டு எடுத்துப் பரீட்சை செய்து, இது புற்றுநோய் என்றும், ராப்டோமயோசார்க்கோமா என்பது இதற்குப் பெயர் என்றும், உடனே மருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றும் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

இப்போது அந்த வீட்டில் மூன்று கட்சிகள் ஏற்பட்டிருக்கின்றனவாம். பாட்டியார், “தலையில் எழுதினபடி நடக்கும், குழந்தையை ஏன் ஊசியால் குத்திக் கொல்லுகிறீர்கள்?” என்கிறார். தகப்பனார், “சென்னையில் புரோட்டான் என்று ஒரு புதுக் கதிர் வந்திருக்கிறதாம், அதைக் காட்டினால் கட்டி கரைந்துவிடுமாம், இருக்கிற காணியை விற்றாவது அதைத்தான் செய்வேன், அதுவரை வேறு எந்த வைத்தியமும் வேண்டாம்” என்கிறார். பெரியப்பா ஒருவர் இருக்கிறார். அவர், “பெண் குழந்தைதானே, இருக்கிற ஆண் பிள்ளைக்குக் காணி வேண்டாமா?” என்கிறார். இவர்களுக்கு நடுவில் குழந்தையைப் பெற்றவள் ஒன்றும் சொல்லாமல் அழுதுகொண்டிருக்கிறாளாம். “நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?” என்று தோழர் கேட்கிறார்.

நாம் டாக்டர் அல்ல. குழந்தையை நேரில் பார்த்த டாக்டர் சொல்லுவதற்கு மேல் நாம் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆனால் இந்த மூன்று கட்சிகளும் அந்த ஒரு வீட்டில் மாத்திரம் இருப்பவையல்ல, நாடெங்கும் இருப்பவை. ஆதலால் நமக்குத் தெரிந்ததைப் பலரும் பார்க்கும்படி இங்கே எழுதுகிறோம்.

முதலில் தலைவிதியைக் கவனிப்போம். அதற்கு அதிக இடம் வேண்டியதில்லை. இந்த நோய் சதையாக வளரவேண்டிய இளம் உயிரணுக்களில் ஏற்படும் ஒரு கோளாறு. குழந்தைகளுக்கு உடம்பின் மென்மையான பாகங்களில் வரும் புற்றுநோய்களில் இதுவே அதிகம். கண் குழி, மூக்கின் பின்புறம், மூத்திரப்பை, கை கால் ஆகிய இடங்களில் தோன்றும். பெரும்பாலான குழந்தைகளிடத்தில் இது பெற்றோரிடமிருந்து வந்ததும் அல்ல. தாய் தின்ற பண்டத்தாலோ, கிரகணத்தில் வெளியே வந்ததாலோ உண்டானதும் அல்ல. 1970 வாக்கில் இந்நோய் கண்ட குழந்தைகளில் நாலில் ஒன்றுதான் பிழைத்தது. 1972-ல் அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் ஒன்றுகூடி, எந்த மருந்தை எந்த அளவில் எத்தனை வாரம் கொடுத்தால் எத்தனை குழந்தைகள் பிழைக்கின்றன என்று கணக்கு வைத்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒரு பரீட்சை முடிந்ததும் அதில் கண்ட தவறைத் திருத்தி அடுத்ததை ஆரம்பித்தார்கள். 1990-களுக்குள், நோய் தூரப் பரவாத குழந்தைகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பிழைக்கும்படி ஆயிற்று. கண் குழியில் வருவதில் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் பிழைக்கின்றன. தலையில் எழுதினபடிதான் நடக்கும் என்றால், பிரம்மா 1972-க்குப் பிறகு தம் எழுத்தை மாற்றிக்கொண்டாரா என்று பாட்டியாரைக் கேட்கவேண்டும்.

அந்தப் பாட்டியாருக்கு இன்னொரு சங்கதியும் சொல்லலாம். டாக்டர்கள் போடும் ஊசி மருந்துகளில் வின்கிரிஸ்டின் என்பது ஒன்று. அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? நம் ஊரில் சுடுகாட்டோரத்தில் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கிறதே, நித்தியகல்யாணி, அந்தச் செடியின் இலையிலிருந்து எடுத்ததுதான். பிணத்தோடு சேர்த்து நாம் பார்த்த செடியில் பிழைக்க வைக்கும் சரக்கு இருந்தது. ஆராய்ந்தவன் எடுத்துக்கொண்டான். அச்செடியைத் தென் ஜில்லாக்களில் பயிரிட்டு மூட்டை மூட்டையாக ஏற்றுமதியும் செய்திருக்கிறோம்.

நிற்க. இரண்டாவது கட்சிக்கு வருவோம். நமது முக்கியமான பேச்சு இங்கேதான் இருக்கிறது. ஏனெனில் தகப்பனார் மூடநம்பிக்கைக்காரர் அல்ல. விஞ்ஞானத்தை நம்புகிறவர். ஆனால் விஞ்ஞானத்தை நம்புவதிலும் இரண்டு விதம் உண்டு. ஒன்று, அது என்ன, எப்படி வேலை செய்கிறது, எவ்வளவு செய்யும் என்று கேட்டு நம்புவது. மற்றொன்று, பழைய சாமியை எடுத்துவிட்டு அந்தப் பீடத்தில் இயந்திரத்தை வைத்துக் கும்பிடுவது.

புரோட்டான் என்பது என்ன? எல்லாப் பொருள்களிலும் இருக்கும் அணுவின் நடுக்கருவில் உள்ள ஒரு துகள். ஹைட்ரஜன் அணுவின் கரு என்றாலும் அதுவேதான். அதை இயந்திரத்தில் சுழற்றி, வெளிச்சத்தின் வேகத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு வரை வேகம் ஏற்றிக் கட்டியின்மேல் செலுத்துகிறார்கள். சாதாரணமாக எல்லா ஊர்ப் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளிலும் கொடுப்பது எக்ஸ் கதிர். இரண்டும் கட்டியிலுள்ள உயிரணுக்களைக் கெடுப்பதால்தான் வேலை செய்கின்றன. கெடுக்கிற விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கே கெடுக்கின்றன என்பதில்தான் வித்தியாசம்.

ஓட்டைக் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஒருவன் தெருவில் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். தெரு முனையிலிருந்து ஒழுகிக்கொண்டே போவான்; தண்ணீர் வேண்டிய வீட்டு வாசலிலும் ஒழுகும்; அவ்வீட்டைத் தாண்டித் தெருக் கோடி வரையிலும் ஒழுகும். எக்ஸ் கதிர் அப்படிப்பட்டது. தோலுக்குச் சற்று உள்ளே அதிகமாகக் கொட்டி, போகப்போகக் குறைந்து, கட்டிக்குப் பின்னால் இருக்கும் நல்ல பாகத்தையும் நனைத்துவிட்டு வெளியே போகும். புரோட்டான் வழியில் கொஞ்சம்தான் சிந்தும். வேகம் குறையக் குறைய அதிகம் கொடுக்கும். நிற்கப்போகிற இடத்தில் மீதியை எல்லாம் கவிழ்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். அந்த இடத்துக்கு அப்பால் அநேகமாக ஒன்றும் போகாது. எவ்வளவு வேகத்தில் விடுகிறோமோ அவ்வளவு ஆழத்தில் நிற்கும்.

துகள்களின் இந்தக் குணத்தை 1904 வாக்கில் ஆஸ்திரேலியாவிலுள்ள அடிலெய்டு நகரில் வில்லியம் ஹென்றி பிராக் என்பவர் வேறொரு துகளைக்கொண்டு கண்டார். அவர் வைத்தியத்துக்காக ஆராயவில்லை. அறிய வேண்டும் என்பதற்காக ஆராய்ந்தார். நாற்பது வருஷம் கழித்து, 1946-ல், ராபர்ட் வில்சன் என்ற அமெரிக்கர் இக்குணத்தைப் புற்றுநோய்க்கு உபயோகிக்கலாமே என்று ஒரு கட்டுரை எழுதினார். அவர் அதற்குச் சற்று முன்புவரை அணுகுண்டு செய்த இடத்தில் வேலை பார்த்தவர். 1954-ல் கலிபோர்னியாவிலுள்ள பெர்க்லியில் முதல் நோயாளிக்குப் புரோட்டான் கொடுத்தார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குள்ளேயே இதற்கென்று பெரிய இயந்திரம் வைத்து வைத்தியம் செய்வது அதே மாகாணத்து லோமா லிண்டாவில் 1990-ல்தான் ஆரம்பமாயிற்று. இவ்வளவு தாமதம் ஏன் என்றால், குறித்த ஆழத்தில் நிறுத்த வேண்டுமானால் ஆழம் எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? உடம்பைத் தோசை தோசையாக அறுத்துப் பார்ப்பது போல் படம் எடுக்கும் ஸ்கேன் இயந்திரம் 1970-களில் வந்த பிறகுதான் அது சரிவரத் தெரிந்தது. ஆழத்தில் தவறினால் புரோட்டானும் கட்டியை விட்டுவிட்டு நல்ல பாகத்தைக் கெடுக்கும். அது பக்தனைத் தெரிந்துகொண்டு விலகிப் போகிற வஸ்து அல்ல.

இந்த வித்தியாசம் பெரியவர்களைவிடக் குழந்தைக்கு அதிகம் முக்கியம். எப்படி என்றால், அறுபது வயதுக்காரருக்குக் கண்ணோரத்தில் கதிர் பட்டால், வளர்ந்து முடிந்த எலும்பில் படுகிறது. நாலு வயதுக் குழந்தைக்கோ, வளரவேண்டிய எலும்பில் படுகிறது. பட்ட பக்கம் வளராமல் நின்று, மற்றப் பக்கம் மாத்திரம் வளர்ந்தால், பதினைந்து வயதில் முகம் கோணலாக நிற்கும். அருகில் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி இருக்கிறது. அதில் பட்டால் உயரம் குறையும், பருவமடைவதும் தடைப்படலாம். பல் முளைப்பது, காது கேட்பது, படிப்பில் புத்தி செல்வது எல்லாம் அந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. இவை போதாதென்று, கதிர் பட்ட நல்ல பாகத்தில் பல வருஷங்கள் கழித்து வேறொரு புற்றுநோய் முளைப்பதும் உண்டு. பிழைத்த குழந்தைக்கு முன்னால் அறுபது எழுபது வருஷ வாழ்வு இருக்கிறது. ஆதலால் தெருவில் வீணாய்ச் சிந்தும் தண்ணீரைக் குறைப்பது குழந்தைக்குச் செய்யும் பெரிய உபகாரம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் தகப்பனார் கேட்கவேண்டிய கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. “புரோட்டானால் அதிகக் குழந்தைகள் பிழைக்கின்றனவா?” என்பதே அது. இதற்கு யோக்கியமான பதில், “அப்படி ருசுவாகவில்லை” என்பதுதான். 2005 முதல் 2012 வரை அமெரிக்காவில் இந்நோய் கண்ட 57 குழந்தைகளுக்குப் புரோட்டான் கொடுத்துப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து வருஷக் கணக்கில் நூற்றுக்கு 78 பேர் உயிரோடு இருந்தார்கள். நூற்றுக்கு 81 பேருக்குக் கட்டி இருந்த இடத்தில் நோய் திரும்பவில்லை. இது எக்ஸ் கதிர் கொடுத்து வரும் கணக்குக்குச் சமம்தான். பிற்காலத்தில் கடுமையான தீங்கு கண்டவர்கள் மூன்றே பேர். ஆகவே இதன் லாபம் உயிர்க் கணக்கில் இல்லை. உயிர் பிழைத்தபின் வாழும் வாழ்க்கையில் இருக்கிறது. அதிலும்கூட, குழந்தைகளைச் சீட்டுப் போட்டு இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் புரோட்டானும் மறு பிரிவுக்கு எக்ஸ் கதிரும் கொடுத்து ஒப்பிட்ட பரீட்சை இந்நோயில் நடக்கவில்லை. கதிர் எங்கே எவ்வளவு படுகிறது என்ற கணக்கைக்கொண்டும், இப்படிப்பட்ட பின்தொடர்ந்த கணக்குகளைக்கொண்டும்தான் சொல்லுகிறார்கள். அந்தக் கணக்கு நியாயமானது என்றே நாமும் நினைக்கிறோம். ஆயினும், கட்டி கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது, அந்தக் கண்ணில் பின்னால் புரை விழுவதைப் புரோட்டானும் அடியோடு தடுத்துவிடாது. மறு கண்ணையும், மூளையையும், சுரப்பியையும் காப்பதுதான் அதன் வேலை. கட்டி காலிலோ கையிலோ இருந்தால் பல சமயம் இரண்டுக்கும் அதிக வித்தியாசம் இருக்காது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்லுகிறோம் என்றால், இயந்திரத்துக்கும் ஸ்தல புராணம் எழுதுகிறவர்கள் ஏற்பட்டிருக்கிறார்கள். கோடிக்கணக்கில் பணம் போட்டு வாங்கியவர்கள், அதைச் சும்மா வைத்திருக்க முடியாதாகையால், யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்ற பேதமில்லாமல் விளம்பரம் செய்கிறார்கள். ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் இதைப் பெரிதாகச் சொல்லி வந்தார்கள். சீட்டுப் போட்டுப் பிரித்து ஒப்பிட்ட ஓர் அமெரிக்கப் பரீட்சையின் முடிவு 2024-ல் வந்தது. நோய் அடங்குவதிலும் சரி, பின்னால் உண்டாகும் தொந்தரவிலும் சரி, வித்தியாசம் காணவில்லை. எந்த நோயில் லாபமோ அதில் உபயோகிக்க வேண்டும், லாபமில்லாததில் விடவேண்டும். இதைச் சொன்னால் விஞ்ஞான விரோதி என்று பெயர் வரும் என்று நாம் பயப்படவில்லை.

தகப்பனார் செய்யப்போகும் பெரிய தவறு காணியை விற்பதுகூட அல்ல. புரோட்டான் கிடைக்கும்வரை மருந்தை நிறுத்தி வைப்பதுதான். இந்நோய்க்கு முதல் ஆயுதம் ஊசி மருந்து. அதை ஆரம்பித்துச் சில வாரங்கள் முதல் மூன்று மாதம் வரை ஆன பிறகே பெரும்பாலும் கதிர் கொடுக்கிறார்கள். ஆகவே இன்றைக்கே மருந்தை ஆரம்பித்துவிட்டு, அந்த இடைவெளியில் எந்தக் கதிர், எங்கே, யார் செலவில் என்று விசாரிக்கலாம். மருந்தை நிறுத்திவிட்டுக் காணிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தால், கிரயப் பத்திரம் எழுதி முடிவதற்குள் நோய் நுரையீரலுக்கும் எலும்புக்கும் போய்விடும். அப்படிப் பரவிய பின் பிழைப்பது மிகவும் அருமை. அப்போது தங்கத்தால் செய்த இயந்திரம் வந்தாலும் என்ன செய்யும்?

இனிச் செலவைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். நம் நாட்டில் 2019-ல் சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி புரோட்டான் நிலையம் ஆரம்பித்தது. 2023-ல் நவி மும்பையிலுள்ள கார்கரில், சர்க்காரின் அணுசக்தி இலாகாவைச் சேர்ந்த டாட்டா நினைவு நிலையத்தார் வைத்தியம் ஆரம்பித்தார்கள். தனியார் இடத்தில் பல லட்சம் ரூபாய் ஆகும். தினம் ஒரு தடவை வீதம், வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரத்துக்கு மேல் போகவேண்டும். கதிர் படுவது ஒரு நிமிஷம் அல்லது இரண்டு நிமிஷம்தான். ஆனால் நாலு வயதுக் குழந்தை அசையாமல் படுத்திருக்குமா? ஆதலால் தினந்தோறும் மயக்க மருந்து கொடுக்கவேண்டும்; முகத்துக்கு அச்சு எடுத்த கவசம் போட்டுப் படுக்கையில் பிணைக்கவேண்டும். அவ்வளவு நாளும் தாய் பட்டணத்தில் தங்கவேண்டும். தகப்பனுக்குக் கூலி போகும். வீட்டிலிருக்கும் மற்றக் குழந்தைக்குச் சோறு பொங்க ஆள் வேண்டும். வைத்தியத்தைப் பாதியில் விட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிற குடும்பங்கள் பெரும்பாலும் இந்தச் சோற்றுக்கும் வாடகைக்கும் வழியில்லாமல்தான் திரும்புகின்றன.

இங்கிலாந்தில் என்ன செய்தார்கள்? அங்கே இதற்கு ஏற்ற பெரிய இயந்திரம் இல்லாத காலத்தில், 2008 முதல், தேவைப்பட்ட குழந்தைகளைப் பொதுப் பணத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு 2018-ல் மான்செஸ்டரிலும் 2021-ல் லண்டனிலும் பொதுப் பணத்தில் நிலையம் வைத்தார்கள். யாருக்கு லாபம் என்று டாக்டர்கள் கூடித் தீர்மானிப்பார்கள். பணம் எவ்வளவு வைத்திருக்கிறாய் என்று தகப்பனைக் கேட்பதில்லை. இந்நோய் அமெரிக்க தேசம் முழுவதிலும் வருஷத்துக்குச் சுமார் 350 பேருக்குத்தான் வருகிறது. அபூர்வமான நோய். அதிலும் புரோட்டானால் மெய்யாகவே லாபம் அடையும் குழந்தைகள் ஒரு பகுதிதான். ஒரு சர்க்கார் நினைத்தால் இந்தச் சில குழந்தைகளின் செலவை ஏற்க முடியாதா என்று கேட்கிறோம். ஏழைக் குழந்தையின் முக எலும்பு பணக்காரக் குழந்தையின் எலும்பைப் போல்தானே வளர்கிறது? கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கவும் தேருக்கு வடம் வாங்கவும் வசூல் நடக்கிற ஊரில் இதற்குப் பணமில்லை என்று சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளமாட்டோம்.

அதே சமயத்தில், புரோட்டான் நிலையம் ஒன்று கட்டிவிட்டு மற்றதை மறந்துவிடும் சர்க்காரையும் நாம் மெச்சமாட்டோம். உலகில் வருஷத்துக்கு நாலு லட்சம் குழந்தைகளுக்கும் இளம் வயதினருக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் முப்பது பேர்கூட ஆவதில்லை. இவ்வளவு வித்தியாசத்துக்குக் காரணம் புரோட்டான் இல்லாமையா? இல்லை. கண் வீங்கின மூன்றாம் நாள் பார்க்க டாக்டர் இல்லாமை, சதைத் துண்டைப் பார்த்து நோயின் பெயர் சொல்ல ஆள் இல்லாமை, மருந்து தீர்ந்துபோதல், சாதாரண எக்ஸ் கதிர் இயந்திரத்துக்கே தூரம் போகவேண்டியிருத்தல், தாய் தங்க ஒரு அறை இல்லாமை, இவைதான். இவற்றில் எதற்கும் புது விஞ்ஞானம் வேண்டியதில்லை.

கடைசியாகப் பெரியப்பாவின் கட்சி. இதற்குப் பதில் சொல்லவே நமக்கு வெட்கமாயிருக்கிறது. ஆனால் அவர் வாய் திறந்து சொன்னதைப் பலர் வாய் திறவாமலே செய்கிறார்கள். புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படும் குழந்தைகளில் நம் நாட்டில் ஆண் குழந்தைகளே மிக அதிகம் என்று கணக்குப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி தூரமாக ஆக, வைத்தியச் செலவு அதிகமாக ஆக, பெண் குழந்தைகளின் பங்கு இன்னும் குறைகிறது. நோய் தூரம் பார்த்து வருவதில்லை. செலவு பார்த்தும் வருவதில்லை. ஆகவே குறைகிற அந்தப் பெண் குழந்தைகள் எங்கே போனார்கள்? வீட்டுத் திண்ணையில் கயிறு கட்டிக்கொண்டு கிடந்து செத்தார்கள் என்பதைத் தவிர வேறு பதில் நமக்குத் தெரியவில்லை.

சென்னை அடையாற்றில் இருக்கும் புற்றுநோய் ஆஸ்பத்திரியைப் பெரியப்பா கேள்விப்பட்டிருக்கலாம். அதைத் தோற்றுவித்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். 1923-ல் தம் தங்கை புற்றுநோயால் சாகக் கண்ட அவர், முப்பது வருஷம் அதை மறவாமல், ஊர் ஊராகப் பணம் திரட்டி, 1954-ல் 12 படுக்கைகளோடு அதை ஆரம்பித்தார். “பெண் குழந்தைதானே” என்று அந்த அம்மையாரின் தகப்பனார் நினைத்துப் படிக்க வைக்காமல் இருந்திருந்தால், எத்தனை வீட்டு ஆண் பிள்ளைகளுக்குப் படுக்கை கிடைத்திருக்காது என்று பெரியப்பா யோசித்துப் பார்க்கட்டும்.

தோழருக்கு நாம் உடனே தபாலில் எழுதியது இவ்வளவுதான்: இன்றைக்கே குழந்தையை மருந்துக்குச் சேர்த்துவிடுங்கள். கதிர் கொடுக்கும் டாக்டரிடம், இந்தக் குழந்தைக்கு இந்த இடத்தில் எக்ஸ் கதிர் கொடுத்தால் எது எது கெடும், புரோட்டான் கொடுத்தால் அவற்றில் எது தப்பும் என்று படத்தைக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். தப்புவது பெரியதாக இருந்தால் பொது நிலையத்துக்கு எழுதி அனுப்ப முடியுமா என்றும், செலவில் எவ்வளவு தள்ளுவார்கள் என்றும் கேளுங்கள். சிறியதாக இருந்தால் பக்கத்து ஊர் எக்ஸ் கதிரே போதும். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எதுவாயினும் நாள் தள்ளவேண்டாம். பேச்சு நடக்கும்போது குழந்தையின் தாயாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். தினம் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகப்போகிறவள் அவள்தான்.

இதை எழுதி அச்சுக்குக் கொடுக்கும் சமயத்தில் தோழரின் இரண்டாவது கடிதம் வந்தது. குழந்தையைச் சேர்த்து முதல் ஊசி போட்டாகிவிட்டதாம். தலைமயிர் உதிரும் என்று சொன்னதற்குப் பாட்டியார் மறுபடியும் அழுதாராம். காணி இன்னும் விற்கவில்லை. கதிரைப் பற்றி அடுத்த மாதம் டாக்டர் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். பெரியப்பா மாத்திரம் இன்னும் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்.